மஞ்சள் வண்டிக்குத் திறந்திருந்த கேட்

பஸ்ஸில் போய்வந்த காலத்தில்தான் அந்த வண்டியை முதலில் பார்த்தேன். தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் காலை பஸ். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். முதல் வகுப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதால், நசுங்கிக்கொண்டாவது அதில்தான் போவேன். வேர்க்கிளம்பி தாண்டியதும் பின்னாலிருந்து ஓர் உறுமல் கேட்கும். பஸ் டயரின் உயரமே இருக்கும் ஒரு மஞ்சள் வண்டி, பழுத்த பலாச்சுளையின் நிறம், துணிக்கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். இரண்டே சீட்டு. ஓட்டுகிறவனின் பின்தலை மட்டும் மேலிருந்து தெரியும்.

எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் தேட வேண்டாம். யாரோ ஒருவரின் டிபன் பாத்திரம் என் தோளில் இடித்துக்கொண்டிருக்க, அந்தப் பின்தலையைப் பார்த்து, இவனுக்கு மட்டும் இந்த ரோட்டில் எப்படிக் காற்று கிடைக்கிறது என்று எரிந்திருக்கிறேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்த வண்டியைக் காணவில்லை. ரோட்டோரத்து முக்கு ஒன்றில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதே மஞ்சள் வண்டிமேல் சாய்ந்து நின்று ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அந்தப் பிளக்ஸில்தான். அன்று பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"திற்பரப்புக்கு மேல ஆத்துல போய்ட்டானாம்."

"விழுந்தானா, சாடுனானா?"

"அது ஆருக்குத் தெரியும்."

அந்தக் கேள்வி ரொம்ப நாள் அந்த பஸ்ஸில் எங்களோடு வந்தது. ஒருத்தி இறங்கினால் இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். சிங்கப்பூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, குலசேகரத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டவன். கடன் உண்டாம் என்றார்கள். பெண் பார்த்தது முறிந்துவிட்டதாம் என்றார்கள். சாவியை வண்டியிலேயே போட்டுவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, எல்லாவற்றையும் உதறியவனாகப் போனானாம் என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வேறு என்ன செய்ய.

அதன்பின் ஒரு விடுமுறையில், நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பின் மூலையில், தார்ப்பாயின் கிழிசல் வழியாக அந்த மஞ்சளைப் பார்த்தேன். என் நாத்தனாரின் காரை எடுக்கப் போயிருந்த இடம். விற்பனைக்கா என்று கேட்டேன். விற்பனைக்குத்தான், ஆனால் யாரும் வாங்கவில்லை என்றார் ஒர்க்‌ஷாப்காரர். எனக்குத் தினமும் போய்வர ஒரு வண்டி தேவைப்பட்டது. வீட்டில் எல்லாரும் நாலு கதவு வைத்த, வெள்ளை நிறமான, ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற ஒரு வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வெள்ளை வண்டிமேல் ஒரு காரணமும் இல்லாமல் வெறுப்பு வந்திருந்தது.

மஸ்கட்டில் இருக்கும் என் கணவரிடம் போனில் சொன்னேன்.

"ஏட்டி, ரெண்டு சீட்டுன்னா நானும் பிள்ளையும் எங்க இரிக்க?"

"நீங்க வருசத்துக்கு ஒரு மாசம்தான் இங்க இருக்கீங்க. அப்போ ஆட்டோ பிடிச்சுக்கலாம்."

அவர் பிறகு, "அது செத்த பையன்ட வண்டில்லா?" என்றார். மஸ்கட் வரைக்கும் அந்தச் செய்தி போயிருந்தது.

வண்டியைக் கொடுக்க வந்தவர் அவன் அப்பா. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் குடை. பேரம் பேசவில்லை. பேசும் நேரம் முழுவதும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். ஒரே ஒரு சாவியைத் தந்தார். இன்னொன்று இருக்குமே என்றேன்.

"அது இல்ல."

அவர் பின்பக்கமாகப் போனதும் ஒர்க்‌ஷாப்காரர் என் பக்கம் குனிந்து, "அது ஆத்தோட போச்சு டீச்சர். அவன் நிக்கர் பாக்கெட்டுல இருந்திருக்கும். இது வீட்டுல கெடந்த டூப்ளிகேட். இந்தப் பக்கத்துக் கதவ நெம்பித்தான் தொறந்திருக்காவ, பாருங்க" என்றார். டிரைவர் பக்கத்துக் கதவின் விளிம்பில், கம்பியால் நெம்பிய தடத்தின்மேல் புது மஞ்சள் பூசியிருந்தது. பழைய மஞ்சளோடு அது ஒட்டவில்லை. நான் அதை வண்டியின் விஷயமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன். பூட்டு ஒழுங்காக வேலை செய்யுமா என்றுதான் என் கவலை. செய்யும் என்றார். நாலைந்து தடவை பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்த அப்பா ஒரே ஒரு காரியம் கேட்டார்.

"எங்க ஊரு வழியா மட்டும் இதக் கொண்டு போவாண்டாம் டீச்சர். வீட்டுல அவ இருக்கா. இந்தச் சத்தம் அவளுக்கு ஆவாது."

சரி என்றேன். அவர் ஊர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. எனக்கு அங்கே போக ஒரு வேலையும் இல்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினப்படி வண்டியாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதை எங்கள் ரோடுகள் எனக்குச் சீக்கிரமே சொல்லித்தந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உரசும். குறுக்காக, நண்டு போகிறமாதிரி ஏற்றி இறக்க வேண்டும். மழையில் கூரையின் தையல் வழியே இடது தோளில் ஒரு சொட்டு விழும், சரியாக அதே இடத்தில். சேலையோடு உள்ளே இறங்கவும் முடியாது, வெளியே ஏறவும் முடியாது, சுடிதாருக்கு மாறினேன். என் மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதென்ன வண்டியா, செருப்பா? நெலத்தோட ஒட்டிக் கெடக்கே" என்றார். பூட்டு இன்னொரு தொல்லை. மற்ற வண்டிகளில் உள்ளே பட்டனை அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். இதில் டிரைவர் கதவைச் சாத்தினால் பட்டன் திரும்ப மேலே குதித்துவிடும். வெளியே நின்று, சாவியைப் போட்டு, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருக வேண்டும். ஒரு கையில் குடை, ஒரு கையில் விடைத்தாள் கட்டு என்று மழையில் நின்று பூட்டியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

எங்கள் சபையில் புது வண்டி வாங்கினால் போதகர் வந்து பானட்டில் கைவைத்து ஜெபிப்பது வழக்கம். எங்கள் போதகர் உயரமானவர். இதில் கைவைக்க ரொம்பக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தவர் நிமிர்ந்து, "இது அந்த வண்டிதானேம்மா?" என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மறுபடி குனிந்தார். வழக்கத்தைவிட ஜெபம் நீண்டது. யாருக்காக அவ்வளவு நேரம் ஜெபித்தார் என்று நான் கேட்கவில்லை.

பேய் உண்டா என்று மாணவர்கள் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வண்டியில் நான் தனியாகப் போகவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ரோட்டில் ஆட்கள் கை காட்டுவார்கள். எதிரே வருகிற ஜீப்காரர், சைக்கிளில் மீன் கொண்டு போகிறவர், ரப்பர் ஷீட் ஏற்றுகிற ஆட்கள். உறுமலைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே கை மேலே போகும். பிறகு உள்ளே என்னைப் பார்ப்பார்கள். கை பாதியில் நிற்கும். என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொள்வார்கள். திருவட்டாறில் ஒரு சாயாக்கடைக்கு முன்னால் நெரிசலில் நின்றபோது, கடைக்காரர் ஒரு கிளாஸ் சாயாவோடு வண்டி பக்கம் வந்தேவிட்டார். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்ததும் கிளாஸ் தளும்பியது. ஆளைப் பார்க்காமலே, சத்தத்துக்குச் சாயா போட்டிருக்கிறார். நான் வாங்கிக் குடித்தேன். சீனி போடாத சாயா. அதற்குப் பிறகு நானும் சீனி போடாமல்தான் குடிக்கிறேன். டாக்டர் சொன்னாரா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சீட்டு அவன் வைத்திருந்த இடத்திலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. அவன் கால் நீளத்துக்கு என் கால் எட்டாது. முதுகுக்குத் தலையணை வைத்துத்தான் ஓட்டினேன். உட்காரும் இடம் அவன் உடம்புக்குக் குழிந்திருந்தது. நடுக்கண்ணாடியை எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டு பள்ளம் தாண்டுவதற்குள் அது நழுவி அவன் கண்ணுக்குப் போய்விடும். எனக்குக் கூரைத்துணிதான் தெரியும். ஸ்க்ரூ தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு காலையில், "போதும், இப்போ நான்தான் ஓட்டுறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன். எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் மணல். டிரைவர் காலடியில், கார்ப்பெட்டுக்கு அடியில், பெடல்களின் இடுக்கில், பொடிப்பொடியாக ஆற்று மணல். தட்டுவேன், உறிஞ்சுவேன். மறுநாள் மறுபடி செருப்பில் ஒட்டும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் வேதியியல் டீச்சரை ஒரு மழைநாளில் ஏறச் சொன்னேன். நனைந்துகொண்டே நின்றாள்.

"ஐயோ எனக்கு வேண்டாம்டி. செத்தவன்ட சீட்டு."

"செத்தவன் சீட்டுல நான் இருக்கேன். உனக்குத் தாறது பக்கத்து சீட்டு."

அவள் ஏறவில்லை. நனைந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனாள். படித்த பிள்ளைக்குப் புத்தி போகிற போக்கு என்று எரிச்சலோடு கிளம்பினேன். வேர்க்கிளம்பி வரைக்கும் பக்கத்து சீட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அங்கே வந்த பிறகுதான் உறைத்தது.

குடிநீர்க் குழாய் போட மெயின் ரோட்டைத் தோண்டியது அந்த ஆடி மாதத்தில். எங்கள் மாவட்டத்தில் ஒரு ரோட்டைத் தோண்டினால் அது மூடப்படுகிற நாள் கர்த்தருக்கு மட்டுமே தெரியும். ஒரு சாயங்காலம் கல்லூரி விட்டு வருகையில் திருவட்டாறு தாண்டித் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். கொடி பிடித்தவர் எல்லா வண்டிகளையும் உள்ரோட்டுக்குத் திருப்பிவிட்டார். எனக்குப் பின்னால் பஸ், முன்னால் டெம்போ. நான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்தான் இருந்தன, திரும்ப இடமில்லை.

எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. ஒரு வளைவில், கோவிலுக்கு அடுத்து, ஒரு வீட்டின் இரும்பு கேட் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது. கதவுகள் அசையாமல் இருக்கச் செங்கல் வைத்திருந்தது. செங்கல்லைச் சுற்றியும் கதவின் அடியிலும் புல் வளர்ந்து கம்பிகளுக்குள் ஏறியிருந்தது. உள்ளே கார் நிறுத்துகிற இடம் காலியாக, பெருக்கிச் சுத்தமாக இருந்தது. ஓர் அம்மா வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்து, ரோட்டைப் பார்க்காமல், ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

வண்டி உள்ளே வருவதற்கு வழிவிட்டு நின்றார்.

நான் பிரேக்கை அமுக்கினேன். பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. என் தலைக்குக் கொஞ்சம் மேலே, அவன் தலை இருந்திருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தார். நான் கிளட்சை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் ஒன்றுமில்லாததற்குக் கத்தினேன்.

மறுநாளிலிருந்து மார்த்தாண்டம் சுற்றிப் போனேன். எவ்வளவோ அதிக தூரம், பெட்ரோல் தண்ணீராய்ப் போயிற்று. அந்த அம்மாவுக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வண்டியை விற்றுவிடலாமா என்றும் யோசித்தேன். விற்றால் வாங்கியவனும் ஒருநாள் அந்தக் கேட்டுக்கு முன்னால் போய் நிற்பான்.

அப்படியிருக்கையில் அந்த அப்பா கல்லூரிக்கு வந்தார். வகுப்பு முடிந்து வந்தால், மரத்தடியில், வண்டிக்குப் பக்கத்தில், இந்தமுறை வண்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கோங்க சார். ரோட்டை அடைச்சுட்டாங்க. தெரிஞ்சு வரல்ல."

"அது ஒண்ணுமில்ல டீச்சர்." குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "அவகிட்ட நான் பொய் சொல்லியிருந்தேன். வண்டிய இரும்புக்குப் போட்டாச்சுன்னு. இப்போ சத்தம் கேட்டுட்டா. ஓடுதுல்லா, பொறவு ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேக்கா."

"நான் இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன்."

"வராண்டாம்னு சொல்ல வரல்ல." குடையின் பிடியைத் திருகினார். "அண்ணைக்குச் சாயங்காலம் அவன் வாற சமயம்னு கேட்டத் தொறந்து வச்சா. வீட்டு வண்டி வெளிய நிக்கச்சில கேட்ட அடைக்க மாட்டா, அது அவளுக்கு எப்பவும் உள்ளது. பொறவு அவன் ஆம்புலன்ஸுல வந்தான். வண்டி வரல்ல. நான்தான் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து நேரா நாகர்கோவிலுக்குக் கொண்டு போய்ட்டேன், அவ பாக்காண்டாம்னு. அந்தக் கேட்டு இன்னும் அடைக்கல்ல. மொதல்ல ஒருக்கா நான் அடச்சப்போ எந்திரிச்சுப் போய்த் தெறந்து செங்கல்ல வச்சுட்டா. ஒரு தடவ உள்ள கொண்டு வந்து நிறுத்துங்க டீச்சர். அவ என்னமோ கேக்கணும்ங்கா. எங்கிட்ட இல்ல, ஒங்ககிட்ட."

சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு போனேன். உறுமல் வளைவுக்கு முன்னாலேயே அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் திரும்பும்போதே ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். உள்ளே திருப்பினேன். "வரட்டு, வரட்டு, இன்னும் வரட்டு" என்று கையைக் காட்டினார். தினமும் செய்து பழகிய கை. தரையில் ஒரு பழைய எண்ணெய்க்கறை இருந்தது. வண்டியின் மூக்கு அதற்கு நேரே வந்ததும் கையை நிறுத்தினார். நான் என்ஜினை அணைத்தேன். அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் இருந்த அமைதியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கி ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

அவர் பானட்டில் கையை வைத்தார். சூடு ஆறும்வரை எடுக்கவில்லை. அப்பா தூணோரமாக நின்றார்.

"இரிங்கன்னு சொல்லல்லன்னு நெனைக்காண்டாம்" என்றார் அந்த அம்மா. "எனக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்ல, டீச்சர். அவன் இல்லன்னு எனக்குத் தெரியும். நான்தான் குழிக்குள்ள மண்ணப் போட்டேன்."

"தெரியும்மா."

"ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க தெனமும் ஓட்டுறவிய, ஒங்களுக்குத் தெரியும். வண்டி அங்க கெடக்கச்சில கதவு தொறந்து கெடந்துச்சா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அடக்கத்தண்ணைக்கு எனக்குப் பின்னால இருந்து பேசிக்கிட்டாளுவ. சாவிய வண்டியிலயே போட்டுட்டு, கதவையும் தொறந்து போட்டுட்டுப் போய்ட்டான், வாற எண்ணம் உள்ளவன் அப்படிப் போவானான்னு. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிருப்பாளுவ. அதுக்குப் பொறவு எனக்கு வேற ஒண்ணுமே கேக்கல்ல டீச்சர்."

பஸ்ஸில் நானும் அதையேதான் கேட்டிருந்தேன். நெம்பிய தடத்தை விரலால் தடவிப் பார்த்து, பூட்டு வேலை செய்யுமா என்று கேட்டவளும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கண்முன்னே ஒரு தடம், காதில் ஒரு புரளி. தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன்.

"பூட்டியிருந்துச்சும்மா" என்றேன். "சாவி அவர்கிட்ட இருந்தது. போலீஸ் நெம்பித்தான் தொறந்திருக்காங்க. இங்க பாருங்க."

அவர் குனிந்து அந்த ஒட்டாத மஞ்சளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் அவர். "நான் பக்கத்துல நின்னேன். கூரையையும் இழுத்து மாட்டியிருந்தான்."

"நீங்க எங்கிட்ட சொல்லல்ல."

"நீ கேக்கல்ல."

"கேட்டா நீங்க ஒடஞ்சு போவியன்னு கேக்கல்ல."

அந்த அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

நான் பூட்டைக் காட்டினேன். உள்ளே பட்டனை அமுக்கிக் கதவைச் சாத்தினேன். பட்டன் மேலே குதித்தது. "இது தானா பூட்டாது. வெளிய நின்னு, சாவியப் போட்டு, கைப்பிடியத் தூக்கிப் பிடிச்சுத் திருகணும். மறந்தாப்பல பூட்ட முடியாது" என்றேன். வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னேன்; அந்தக் குரல் மட்டும்தான் அப்போது என்னிடம் இருந்தது. அந்த அம்மா சாவியை வாங்கினார். அவரே கதவைச் சாத்தினார். பட்டன் குதிப்பதைப் பார்த்தார். சாவியைப் போட்டு, கைப்பிடியைத் தூக்கி, திருகினார். இழுத்துப் பார்த்தார், திறக்கவில்லை. மறுபடி திறந்து, மறுபடி பூட்டினார். மறுபடியும். நானும் அந்த அப்பாவும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

காலடி மணலையும் காட்டினேன். எவ்வளவு தட்டினாலும் போகவில்லை என்றேன். முன்னாலும் உங்கள் மகன் ஆற்றுக்குப் போய்க் குளித்து, நனைந்த காலோடு திரும்பி வந்து ஏறியிருக்கிறார், அதுதான் மணல் இங்கே இருக்கிறது என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது விளங்கியது. அந்த அம்மா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"பூட்டிட்டுப் போனவன் திரும்பி வரத்தான நெனச்சிருப்பான்? சொல்லுங்க டீச்சர். நீங்க படிச்சவிய."

படித்தவள்தான். அதனாலேயே எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. காலையில் கிளம்பிப் பாதி வழியில், கேஸை அணைத்தேனா என்று பதறுவேன். போன் போட்டுக் கேட்டால் அணைத்திருக்கும். வீட்டைப் பூட்டினேனா என்று நினைவே இருக்காது. பூட்டியிருக்கும். கை தன் வேலையைத் தானே செய்துவிடுகிறது. மனசு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்கிற அந்தக் கஷ்டம்கூட இரண்டு மாதத்தில் என் கைக்குப் பழகி, நான் இல்லாமலே பூட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. அவன் அந்த வண்டியை எத்தனை வருடம் பூட்டியிருப்பான்.

"ஆமாம்மா" என்றேன். "வரத்தான் நெனச்சிருக்கார்."

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை. சாவியை என் கையில் வைத்துவிட்டு, மூடிய உள்ளங்கையோடு கேட்டுக்கு நடந்தார். காலால் செங்கல்லை உதைத்து நகர்த்தினார். புல்லைப் பிடுங்கினார். கதவு துருவில் இறுகி நகர மறுத்தது. அந்த அப்பா எழுந்து போய் மறுபக்கம் நின்று தள்ளினார். இரண்டு பேருமாக ஒரு கதவை, பிறகு அடுத்த கதவை, முனகமுனக இழுத்துக்கொண்டுவந்து சேர்த்தார்கள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அந்த அம்மா திரும்பினார். என்னைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது.

"அய்யோ, நீங்க போவாண்டாமா" என்று சிரித்தார். பிளக்ஸில் இருந்த சிரிப்பு.

இருட்டுமுன் கிளம்பினேன். அவரே கேட்டைத் திறந்துவிட்டார். "போய்ட்டு வா மக்ளே" என்றார். என்னிடமா, வண்டியிடமா என்று தெரியவில்லை. ரோட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன், கூரைத்துணிதான் தெரிந்தது. கையால் திருப்பினேன். பின்னால் கேட் அடைபடுவது தெரிந்தது.

குழாய் போட்டு முடித்துவிட்டார்கள். மெயின் ரோடு திறந்துவிட்டது. இப்போதும் சில சாயங்காலங்களில் உள்ரோட்டு வழியாகப் போவேன். கேட் சாத்தியிருக்கிறது. சத்தம் கேட்டு யாரும் வருவதில்லை. அந்த அம்மா இப்போது ராத்திரி நன்றாகத் தூங்குகிறார் என்று அப்பா போனில் சொன்னார். சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான்.

தூங்காதவள் நான். தினமும் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, சாவியைப் போடும்போது, பூட்டுகிறேன், நான் பூட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டே பூட்டப் பார்க்கிறேன். ஒருநாளாவது அந்தக் கையைப் பிடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன். முடிவதில்லை. கூரையில் சொட்டு, காலையில் வகுப்பு, மாமியாரின் மாத்திரை என்று ஏதாவது வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன பிறகுதான் நினைவு வரும். வெறுங்காலோடு திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன்.

பூட்டித்தான் இருக்கும்.